நம்பரைக் குறைக்காத மருந்து

கையில் ஊசியோடு மூன்று, நான்கு மணி நேரம் நாற்காலியை விட்டு அசையக் கூடாது. ரத்தம் ஒரு குழாயில் இயந்திரத்துக்குள் போகிறது. வெள்ளணுக்களில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு குழாயில் உடம்புக்கே திருப்பிவிடுகிறது அது. மூன்றாம் நாள் வாக்கில் அந்த அணுக்கள் ஒரு பையில் திரும்பி வரும். பக்கத்து நாற்காலிக்காரருக்கு அதை ஏற்ற முடியாது. அவரவர் அணு அவரவருக்குத்தான். தயாரான 18 மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். வழியில் தாமதமானால் போச்சு, மறுபடி ஊசி, மறுபடி நாற்காலி.

புராவெஞ்ச் என்ற இந்தச் சிகிச்சைக்கு அமெரிக்கா 2010 ஏப்ரலில் அனுமதி தந்தது. ஹார்மோனை அடக்கியும் அடங்காமல் பரவிவிட்ட, ஆனால் வலி அதிகமில்லாத புராஸ்டேட் புற்றுநோய்க்கு. ஆய்வுக்கூடத்தில் அணுக்களுக்குப் புராஸ்டேட்டுக்கே உரிய ஒரு புரதத்தை அடையாளம் காட்டுகிறார்கள். உடம்புக்குள் திரும்பியதும் அவை டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களிடம் 'இதுதான் ஆள்' என்று காட்டிக்கொடுக்க வேண்டும். இப்படி 2 வாரத்துக்கு ஒன்றாக 3 தவணை.

512 பேரிடம் நடந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 25.8 மாதம்; பெறாதவர்களுக்கு 21.7. நாலு மாதம் கூடுதல். விசித்திரம் என்னவென்றால், கட்டி சுருங்கவில்லை, நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான பி.எஸ்.ஏ.வும் பெரும்பாலோருக்கு இறங்கவில்லை. இந்த நோய்க்காரர் வீட்டில் பி.எஸ்.ஏ. நம்பர்தான் பஞ்சாங்கம், அதைப் பார்த்துத்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். நம்பர் அசையாவிட்டாலும் ஆயுள் கூடும் என்று எந்த டாக்டரால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியும்? 2010-ல் வந்தபோது விலையோ 93,000 டாலர். தயாரித்த டெண்ட்ரியான் நிறுவனம் 2014-ல் திவால் மனு போட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நுரையீரல் புற்றிலும் மெலனோமாவிலும் சக்கைப்போடு போட்டவை 'செக்பாயின்ட்' மருந்துகள், அதாவது டி செல்களைக் கட்டிப்போடும் பூட்டைத் திறந்துவிடுபவை. அவை புராஸ்டேட் புற்றில் அநேகமாகச் சோபிக்கவில்லை. பொதுவாகப் புராஸ்டேட் கட்டிக்குள் டி செல் நடமாட்டமே குறைவு. மருத்துவர்கள் இதைக் 'குளிர்ந்த கட்டி' என்கிறார்கள். பூட்டைத் திறந்துவிட்டால் போதுமா, உள்ளே ஆள் இருக்க வேண்டாமா?

விதிவிலக்கு உண்டு. டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் ஏற்பாடே கெட்டுப்போன கட்டிகளில் மாற்றங்கள் குவிந்து, எதிர்ப்பு சக்தியின் கண்ணில் பட்டுவிடுகின்றன. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1,033 பேரைச் சோதித்ததில் அப்படிப்பட்டவர்கள் 32 பேர். அவர்களில் 11 பேருக்குச் செக்பாயின்ட் வகை மருந்து கொடுத்தார்கள். 6 பேருக்குப் பி.எஸ்.ஏ. பாதிக்கும் கீழே இறங்கியது.