போட்டித் தரமும் ஆற்றல் மதிப்பீடும்: அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டத் தெரிவு பற்றிய சில குறிப்புகள்

மதிப்பீடு ஒப்பீட்டின் வழியே நிகழ்வது. ஒரு நூல் தோன்றிய காலத்தையும் களத்தையும் விலக்கிவைத்துவிட்டு அதன் தகுதியை உரைக்க முற்படும்போது எத்தகைய இடர்ப்பாடுகள் எழுகின்றன என்பதை இலக்கிய மாணவர் நன்கறிவர். இலக்கியத்துக்கு மிகத் தொலைவிலுள்ள ஒரு துறையிலும் இதே இடர்ப்பாடு தெளிவாகப் புலப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல்கலைக்கழகங்கள் தத்தம் உதைபந்தாட்ட அணிகளுக்கு உயர்நிலைப் பாடசாலை மாணவரைத் தெரிவுசெய்யும் முறையையே இங்கு கருதுகின்றோம். ஒரு மாணவன் எத்தகைய அணிகளுக்கு எதிராக ஆடினான் என்பதைக்கொண்டு அவனது ஆற்றலை எவ்வளவு தூரம் அளந்தறியலாம் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் வினாவாகும்.

முதலிற் சில அடிப்படைச் செய்திகளைக் குறிப்பிடுதல் வேண்டும். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நாம் அப்பெயரால் அறிந்த ஆட்டம் அன்று. அணிக்குப் பதினொருவராக நின்று, முனை கூரிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லையை நோக்கி முன்னேறும் ஆட்டம் அது. உடல் மோதல் அதன் உயிர்நாடி. அந்நாட்டு உயர்நிலைப் பாடசாலைகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மாணவர் இதனை ஆடுகின்றனர். அவர்களுள் நூற்றுக்கு எழுவர் அளவினரே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தைச் சார்ந்த அணிகளிற் சேருகின்றனர். அச்சங்கத்தின் முதற் பிரிவை அடைவோர் நூற்றுக்கு மூவரளவினரே. அப்பிரிவின் உச்சத்திலுள்ள 130 க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் முழுப் புலமைப்பரிசில் வழங்கத்தக்க ஆட்டக்காரரின் எண்ணிக்கை நெடுங்காலம் அணிக்கு 85 என வரையறுக்கப்பட்டிருந்தது. உயர்கல்விச் செலவு மிக அதிகமான ஒரு நாட்டிலே, தொழிலாளர், சிறு விவசாயிகள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இப்புலமைப்பரிசில் பல்கலைக்கழகத்தின் வாயிலாக அமைகின்றது. எனவே தெரிவு முறையின் நேர்மை வெறும் விளையாட்டுச் செய்தியாக ஒதுக்கத்தக்கதன்று.

தரம் எவ்வாறு உருவாகின்றது?

பயிற்றுநரும், மாணவரை நட்சத்திரக் குறியிட்டு வரிசைப்படுத்தும் வணிக நிறுவனங்களும் அடிக்கடி கையாளும் அளவுகோல்களுள் ஒன்று போட்டித் தரம். பலம் மிக்க அணிகளோடு மோதி நற்பெறுபேறு பெற்றவன் மேலானவன். பலவீனமான அணிகளை வென்றவனின் சாதனை ஐயத்துக்குரியது என்பது இதன் சாரம். இக்கருத்தில் உண்மை உண்டு. ஆயின் அத்தரம் எதனால் ஆக்கப்படுகின்றது என்ற கேள்வியை முதலில் எழுப்புதல் அவசியம்.

டெக்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம. அங்கே பாடசாலைகள் மாணவர் தொகையை அடிப்படையாகக் கொண்டு ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுப் போட்டியிடுகின்றன. ஆறாம் வகுப்புப் பாடசாலைகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் பயில்வர். முதலாம் வகுப்பிலோ நூறளவினரும் அதனிலுங் குறைந்தோருமே உளர். இச்சிறு பாடசாலைகள் பல பதினொருவரை நிறுத்த இயலாமையால் அறுவர் ஆட்டத்தை ஆடுகின்றன. 1934 இல், பொருளாதார மந்த காலத்தில், நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூர்ப் பாடசாலைகளின் தேவைக்காக ஸ்ரீபன் எப்லர் என்னும் பயிற்றுநர் வகுத்த ஆட்டம் அது. 80 யார் நீளமும் 40 யார் அகலமுங் கொண்ட சிறு மைதானத்தில் ஆடப்படுவது. பெரிய பாடசாலையிலே நூற்றுக்கணக்கானோரிலிருந்து ஆட்டக்காரர் பொறுக்கியெடுக்கப்பட, சிறிய பாடசாலையிலே நடமாடக்கூடிய பையன் ஒவ்வொருவனும் களத்தில் இறங்க வேண்டியவனாகின்றான். ஆகவே தரம் என்பது முதற்கண் மக்கட்டொகையின் விளைவு.

அடுத்தது பணம். அதே டெக்சாஸில், டலஸ் நகரை அண்டிய அலன் என்னும் ஊரின் பாடசாலைக்காக 18,000 பேர் அமரத்தக்க விளையாட்டரங்கு ஏறத்தாழ 6 கோடி டொலர் செலவில் எழுப்பப்பட்டு 2012 இல் திறக்கப்பட்டது. 2009 இல் உள்ளூர் வாக்காளர் அங்கீகரித்த கடன்பத்திரத் திட்டத்திலிருந்து அதற்கான நிதி பெறப்பட்டது. அப்பாடசாலையிலிருந்து வந்த கைலர் மறே, தாம் தலைமையேற்று ஆடிய 42 போட்டிகளில் ஒன்றிலேனும் தோல்வியுறாதவர்; 2019 இல் தொழில்முறை அணிகளின் தெரிவில் முதலாமவராக எடுக்கப்பட்டவர். அமெரிக்கப் பாடசாலைகளின் வருவாயிற் பெரும் பகுதி அவ்வவ்விடத்துச் சொத்து வரியினின்று வருவது. செல்வர் வாழும் பகுதிக்கும் வறியோர் வாழும் பகுதிக்கும் இடையே இதனால் விளையும் வேறுபாடு அரசியலமைப்புக்கு முரணானதன்று என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1973 இல், சான் அன்ரோனியோ நகரப் பெற்றோர் தொடுத்த வழக்கில், ஐவருக்கு நால்வர் என்ற வாக்கு வேறுபாட்டில் தீர்ப்பளித்தது. மாநிலத்தின் சொந்த நீதிமன்றம் 1989 இல் வேறுவிதமாகத் தீர்த்து, நிதிப் பங்கீட்டிற் சில சீர்திருத்தங்களுக்கு வழிகோலியது. எனினும் கட்டடங்களும் அரங்குகளும் இன்றும் பெரும்பாலும் உள்ளூர் வரி பலத்திலேயே எழுகின்றன. போட்டித் தரம் என்னும் சொல்லின் பின்னால் நிலத்தின் விலை மறைந்து நிற்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எதிராளி மறைப்பதும் மறைக்காததும்

இவ்வாறு கூறுவதனாற் போட்டித் தரத்தைக் கருத்திற் கொள்ளவே கூடாது என்பது பெறப்படுவதில்லை. ஆட்டக்காரனின் பண்புகளுட் சில எதிராளியைச் சாராதவை. உயரம், எடை, கையின் நீளம் ஆகியவற்றை அளவுநாடா, தராசு கொண்டு அறியலாம். நூறு மீற்றர் ஓட்டத்தின் நேரத்தையும் குண்டெறிதலின் தூரத்தையும் மெய்வல்லுநர் போட்டிகளிலிருந்து பெறலாம். எதிரே நிற்பவன் யாராயினும் இவை மாறா. அனுபவமுள்ள பயிற்றுநர், சிற்றூர் மாணவரைப் பொறுத்தவரை, உதைபந்தாட்டக் கணக்குகளைக் காட்டிலும் இவற்றையே நம்புவது இதனாலேயாம்.

வேறு சில பண்புகள் எதிராளியினாலேயே வெளிக்கொணரப்படுவன. 300 இறாத்தல் எடையுள்ள முன்வரிசை ஆட்டக்காரன் 180 இறாத்தல் எடையுள்ள பையனைத் தள்ளி வீழ்த்தும் ஒளிப்படச் சுருளிலிருந்து அவனது கால்வைப்பு முறையையோ சமநிலையையோ அறிய முடியாது. முறை பிழையாயினும் எடை அவனை வெல்லச்செய்யும். பந்தேந்தி ஓடுவோனை எவராலுந் துரத்திப் பிடிக்க முடியாதவிடத்து, பிடிபடும் தறுவாயில் அவன் யாது செய்வான் என்பது வெளிப்படாது. ஆட்டத்தை நெறிப்படுத்திப் பந்தை எறிபவனுக்குச் சிந்திக்க நெடுநேரங் கிடைக்குமாயின் அவனது முடிவெடுக்கும் விரைவு சோதிக்கப்படுவதில்லை. இங்கெல்லாம் பலவீனமான போட்டி ஆற்றலைக் குறைப்பதில்லை. ஆற்றல் பற்றிய சான்றையே குறைக்கின்றது. சான்று போதாது என்பதும் ஆற்றல் போதாது என்பதும் வெவ்வேறு முடிபுகள். தெரிவு முறையின் அடிப்படைத் தவறு, முதலாவது முடிபு சொல்லளவில் யாதொரு மாற்றமுமின்றி இரண்டாவதாக உருமாறிவிடுவதே.

சான்றுக் குறைவை ஈடுசெய்யவெனக் கோடைகாலப் பயிற்சி முகாம்கள் நடத்தப்படுகின்றன. பல்வேறு பாடசாலையினரும் அங்கே நேருக்குநேர் மோதுவதால் ஒப்பீடு எளிதாகின்றது. எனினும் முகாமுக்குச் செல்வதற்குக் கட்டணமும் பயணச் செலவும் வேண்டும். வேலைக்குச் செல்லாமல் நாட்களைக் கழிக்கும் வசதியும் வேண்டும். சான்று தேடும் வழியிலும் பொருள்வளமே முந்திச்செல்கின்றது.

அறுபட்ட சங்கிலி

ஓர் அணி இன்னோர் அணியையும், அது மற்றோர் அணியையும் எதிர்த்து ஆடிய பெறுபேறுகளைத் தொடர்புபடுத்தி, நேரில் மோதாத அணிகளையும் ஒரே அளவுகோலில் நிறுத்தும் கணித முறைகள் உள. சங்கிலியின் கண்ணிகள் அறுபடாதிருக்கும்வரையே இம்முறைகள் பயன்தரும். வகுப்புகளிடையே போட்டிகள் அருகுமிடத்துக் கண்ணிகள் தளர்கின்றன. அவை முற்றாக அறுக்கப்பட்ட வரலாறும் டெக்சாஸுக்கு உண்டு.

1920 முதல் 1970 வரை அங்கு கறுப்பினப் பாடசாலைகளுக்கெனத் தனியான போட்டிச் சங்கம் இயங்கியது. பிற்காலத்தில் அது பிரேரி வியூ சங்கம் என வழங்கிற்று. வெள்ளையர் அணிகள் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆடிய மைதானங்களில் இவை புதன், வியாழன் இரவுகளில் ஆடின. இவ்விரு அணிகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. ஆதலின் எது மேலானது என்பதற்குச் சான்று இருக்கவுமில்லை. மாநிலத்தின் பெரும் பல்கலைக்கழகங்கள் நிறத்தின் பேரால் அம்மாணவருக்குக் கதவடைத்திருந்தமையால் அவர்கள் கறுப்பினக் கல்லூரிகளுக்கோ வடக்கு மாநிலங்களுக்கோ சென்றனர். போமண்ட் நகரின் பபா சிமித், மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் ஆடி, 1967 இல் தொழில்முறைத் தெரிவில் முதலாமவராக எடுக்கப்பட்டார். அவரோடு அங்கு ஆடிய டெக்சாஸ் கறுப்பின மாணவர் ஜீன் வாஷிங்ரன் எட்டாமவராகத் தெரிவானார். அதே போமண்டைச் சேர்ந்த ஜெரி லீவையஸ், தென்மேற்குக் கூட்டமைப்பைச் சேர்ந்த பல்கலைக்கழகமொன்றில் உதைபந்தாட்டப் புலமைப்பரிசில் பெற்ற முதற் கறுப்பினத்தவர். தெற்கு மெதடிஸ்ற் பல்கலைக்கழகத்துக்காக 1966 இல் அவர் களமிறங்கிய முதற் பருவத்திலேயே அவ்வணி கூட்டமைப்பின் வெற்றிக்கிண்ணத்தைத் தனதாக்கிக்கொண்டது. கண்ணி பொருத்தப்பட்ட கணமே சான்று பிறந்தது. ஒப்பிட முடியாமையைத் தாழ்வென்று கொள்வது எத்துணைப் பெரிய தவறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

விதியும் விதிவிலக்கும்

தனிமனித வெற்றிகளைக் காட்டிப் பொதுவிதியை மறுத்தல் ஆய்வு நெறியாகாது. உயர் நட்சத்திரக் குறி பெற்ற மாணவர் பிற்காலத்தில் தொழில்முறை அணிகளை அடையும் விகிதம் ஏனையோரினதிலும் அதிகம் என்பது மெய். ஆனால் அவ்விகிதம் ஆற்றலை மட்டும் அளப்பதன்று. குறி பெற்றவனுக்கே சிறந்த பயிற்சியும், மீண்டும் மீண்டும் வாய்ப்பும், தவறுக்கு மன்னிப்பும் கிடைக்கின்றன. முன்கூறல் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் நிலை இது.

இவ்வடிப்படையிற் சிலரை நோக்கலாம். ஜெரி றைஸ் மிசிசிப்பியின் கிராமப்புறப் பாடசாலையொன்றிலிருந்து, பெரும் பல்கலைக்கழகங்களின் கவனத்துக்கு எட்டாது, மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு அரச பல்கலைக்கழகம் என்னும் சிறிய கறுப்பின நிறுவனத்துக்குச் சென்றவர். 1985 முதல் 2004 வரை தொழில்முறை ஆட்டத்தில் அவர் பந்தேற்று முன்னேறிய 22,895 யார் தூரத்தை எவரும் கடந்திலர். கலிபோர்ணியாவின் விவசாய ஊரான பயர்போவில் வளர்ந்த ஜோஷ் அலனுக்குப் பாடசாலை முடிவில் முதற் பிரிவுப் புலமைப்பரிசில் எதுவும் கிட்டவில்லை. இரண்டாண்டுக் கல்லூரியொன்றில் ஆடியபின் வயோமிங் பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. 2024 ஆம் ஆண்டுப் பருவத்தின் மிகச்சிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் என்ற விருதை அவர் பெற்றார். ஐடஹோ மாநிலத்தில் சில நூறு பேரே வாழும் றிகின்ஸ் என்னும் ஊரில் எண்மர் ஆட்டம் ஆடிய லெய்ரன் வண்டர் எஷ், புலமைப்பரிசிலின்றித் தம் செலவில் பொய்சி அரச பல்கலைக்கழக அணியிற் சேர்ந்து, 2018 இல் தொழில்முறைத் தெரிவின் முதற்சுற்றில் எடுக்கப்பட்டார். இம்மூவரும் விதி பொய்யென நிறுவவில்லை. விதியின் வலைக்கு வெளியே ஆற்றல் தங்கியிருந்தது என்பதையும், பக்கவாயில் ஒன்று திறந்திருந்தமையாலேயே அது வெளிவந்தது என்பதையும் நிறுவுகின்றனர்.

தரம் ஒரு விற்பனைப் பொருளாகும்போது அது போலியாகவும் ஆக்கப்படும். 2021 ஓகஸ்ட் மாதத்தில், பிஷப் சிக்கமோர் என்ற பெயரில் ஒகையோ மாநிலப் பாடசாலையெனக் கூறிக்கொண்ட அணியொன்று, புளோரிடாவின் புகழ்பெற்ற ஐ.எம்.ஜி. விடுதிப் பாடசாலையோடு தேசியத் தொலைக்காட்சியில் மோதி 58–0 எனத் தோற்றது. முன்னணிப் பல்கலைக்கழகங்கள் நாடும் மாணவர் பலர் தம்மிடம் உளர் என்று அவ்வணி கூறியதை ஒளிபரப்பாளரால் உறுதிசெய்ய முடியவில்லை. உண்மையான பாடசாலைக்குரிய தகுதிகள் அதற்கு இருக்கவில்லை என்பது பின்னர் மாநிலக் கல்வித் திணைக்களத்தின் விசாரணையில் வெளியாயிற்று.

அண்மைய மாற்றங்கள்

மேற்குறித்த பக்கவாயில் இப்போது ஒடுங்கிவருகின்றது. 2021 இல் ஆட்டக்காரர் தம் பெயராலும் புகழாலும் வருவாய் பெறுவதற்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில், ஒரு பருவம் ஒதுங்கியிராமலே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியாடும் உரிமையும் கிடைத்தது. உழைப்பவன் தன் உழைப்பின் பயனில் ஒரு பங்கைப் பெறுவதும், விரும்பிய இடத்துக்குச் செல்வதும் வரவேற்கத்தக்கனவே. ஆயின் பெரிய பல்கலைக்கழகங்கள், சான்று குறைந்த பதினேழு வயதுச் சிற்றூர் மாணவனைப் பயிற்றும் பொறுப்பைச் சிறிய நிறுவனங்களிடம் விட்டு, அங்கே தேறியவனை எடுத்துக்கொள்ளும் போக்கும் இதனுடன் வளர்ந்துள்ளது. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத் தீர்வு, அதனை ஏற்ற பல்கலைக்கழகங்களிற் புலமைப்பரிசில் வரம்பை நீக்கி, அணியின் மொத்த ஆட்டக்காரர் தொகையை 105 ஆக வரையறுத்தது. முன்னர் தம் செலவிற் சேர்வோர் உட்பட இதனிலும் பெரிய அணிகளை வைத்திருந்த நிறுவனங்கள் பல. றிகின்ஸ் மாணவன் நுழைந்த வாயில் இத்தகைய இடங்களிலேயே ஒடுங்குகின்றது.

தொகுத்து நோக்குமிடத்து, போட்டித் தரத்தைப் பற்றி இரு வினாக்கள் கேட்கப்பட வேண்டும். இம்மாணவனைப் பற்றி நாம் எவ்வளவு அறிந்துள்ளோம் என்பது ஒன்று. இவன் எத்துணை ஆற்றல் உடையவன் என்பது மற்றொன்று. போட்டித் தரம் முதல் வினாவுக்கு மட்டுமே விடையளிக்க வல்லது. அவ்விடை குறைவாயிருக்குமாயின் மேலும் தேடும் கடமை மதிப்பிடுவோரைச் சார்கின்றது. அக்கடமையைத் தட்டிக்கழித்து, ஊரின் வறுமையையும் மக்கட்டொகையையும் பையனின் பெயருக்கு நேரே குறையாகப் பதிவுசெய்யும்போது, சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு இயற்கையின் ஏற்றத்தாழ்வாக வேடம் புனைகின்றது. அவ்வேடத்தைக் களைவதே மதிப்பீட்டின் முதற்பணி.