யார் சொன்னது? எப்போது சொன்னது? – ஒரு பட்டியலும் அதன் ஸனதும்

2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து போன பின்னர், திருகோணமலை நகரின் பள்ளிவாசல் ஒன்றில் பெயர் எழுதும் வேலை எனக்கு. கிண்ணியா, மூதூர் பக்கமிருந்து வந்தவர்கள் சொல்லச் சொல்ல, காணாமல் போனவர்களைக் கொப்பியில் பதிந்தேன். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அப்போது துறை கடந்து ஆள் வந்தால்தான் செய்தியும் வரும்.

மூன்றாம் நாள் வேறொரு முகாமின் பட்டியல் கைக்கு வந்தது. ஒரு பெயருக்கு நேரே "கிடைத்தார்" என்றிருந்தது. அவருடைய உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்டது இதுதான்: "இத ஆரு மகன் சொன்ன? எப்ப சொன்ன?"

என்னிடம் பதில் இல்லை. கிடைத்தது ஆளா, ஜனாஸாவா என்பதுகூட அதில் இல்லை. இரண்டு நாள் கழித்து, அது அதே பெயருள்ள வேறொருவர் என்று தெரிந்தது. முஹம்மது, முகம்மது, மொஹமட் என்று நாம் எழுதும் பெயர் எத்தனை பேருக்கு! அவருடைய மனைவிக்கோ இது வெறும் செய்தியல்ல. கணவர் மௌத்தான நாளிலிருந்துதான் நான்கு மாதம் பத்து நாள் இத்தா எண்ணப்படும். சொத்துப் பங்கீடும் அதைப் பொறுத்ததே.

அதே நாட்களில் இலங்கை மென்பொருளாளர்கள் 'சஹனா' என்ற இலவச மென்பொருளை எழுதத் தொடங்கியிருந்தார்கள். சிங்களத்தில் 'சஹன' என்றால் நிவாரணம். காணாமல் போனோர், முகாம்கள் பற்றிய விவரங்களைத் தரவுத்தளத்தில் சேர்த்துத் தேட அது உதவியது. 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் பயன்பட்டது.

தரவுத்தளத்திடம் "கிண்ணியாவில் காணாமல் போனோர் யார்?" என்று கேட்டால் வரிசை வரிசையாக விடை வரும். அந்த வரிசைகளை மட்டும் வெட்டி இன்னொரு கணினிக்கு அனுப்பினால், என் கொப்பிக்கு நேர்ந்ததே நேரும். பெயர் போய்ச் சேரும். சொன்னவரும் நாளும் வழியில் உதிர்ந்துவிடும். தரவைப் பற்றிய இந்தத் தரவைத்தான் மீதரவு என்கிறோம்.

இரண்டையும் ஒரே உறையில் வைக்க உதவுவது 1998இல் தரநிலையான எக்ஸ்.எம்.எல். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் பெயர்ச்சீட்டு ஒட்டுவதே அதன் முறை. சீட்டுகளைத் தமிழிலேயே எழுதலாம். நானே அமைத்த மாதிரி இது:

<விடை கேட்ட_நாள்="2004-12-29" மொத்தம்="120" தந்தவை="50">
<ஆள் எண்="முகாம்1-17">
<பெயர்>முஹம்மது</பெயர்>
<ஊர்>கிண்ணியா</ஊர்>
<குறிப்பு>
<நிலை>உயிருடன் இருப்பதாக நம்பப்படுகிறது</நிலை>
<சொன்னவர்>அயல்வீட்டார்</சொன்னவர்>
<சொன்ன_நாள்>2004-12-27</சொன்ன_நாள்>
<பதிந்த_நாள்>2004-12-29</பதிந்த_நாள்>
</குறிப்பு>
</ஆள்>
</விடை>

(மற்ற 49 பேரை இடம் கருதி விட்டிருக்கிறேன்.)

முதல் வரியைப் பாருங்கள். 120 பேரில் 50 பேர்தான் இங்கே உண்டு. அந்த வரி இல்லாவிட்டால், தேடிய பெயரைக் காணாதவர் "ஆளே பதிவில் இல்லை" என்று நினைத்துவிடுவார். எண்ணில் முகாமின் பெயரும் சேர்ந்திருப்பதால் இரண்டு முஹம்மதுகள் ஒருவராகிவிட மாட்டார்கள். சொன்ன நாளும் பதிந்த நாளும் வேறுவேறாக இருப்பதால் செய்தி எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

இது என் கற்பனையில் பிறந்த முறையல்ல. 2005இல் அமெரிக்காவைக் கத்ரினா சூறாவளி தாக்கியபோது, காணாமல் போனோர் பட்டியல்கள் பல இணையத்தளங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை இணைக்க அந்த செப்டெம்பரில் பி.எஃப்.ஐ.எஃப். என்ற எக்ஸ்.எம்.எல். வடிவம் உருவானது. ஆள் பற்றிய பதிவு ஒன்று, அவரைப் பற்றி வந்த குறிப்புகள் வேறு என்று அது பிரித்து வைத்தது. 2010 ஹெய்ட்டி பூகம்பத்தில் கூகுளின் ஆள்தேடும் சேவையும் இதையே பயன்படுத்தியது.

ஹதீஸ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. செய்தி மத்ன், சொன்னவர் வரிசை ஸனத். ஆனால் ஸனத் இருப்பதாலேயே செய்தி ஸஹீஹ் ஆகிவிடாது. அறிவிப்பாளரை ஆராய வேண்டும். எக்ஸ்.எம்.எல்.லும் அப்படித்தான். பொய்யையும் அழகாகச் சீட்டு ஒட்டித் தரும். ஆராய்வதற்கு வழி விடுகிறது, அவ்வளவுதான்.

நம் பள்ளிவாசல்களின் ஜனாஸாப் பதிவும் ஸகாத் பட்டியலும் இப்போது கணினிக்கு ஏறுகின்றன. ஏற்றும் தம்பிமாரிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு கட்டங்கள்: சொன்னவர், சொன்ன நாள். அந்த உம்மா கேட்டதும் அவ்வளவுதான்.