திருகோணமலைக்கு ஒரு வடிவமைப்புப் பட்டறை வேண்டும்

திருகோணமலை அச்சகங்களில் ஓயாத வேலை ஒன்று உண்டென்றால் அது நினைவு மலர். ஒருவர் இறந்து 31ஆம் நாளுக்குள், ‘கல்வெட்டு’ என்றும் சொல்லப்படும் இந்த மலர் வீட்டாரின் கைக்கு வந்துவிட வேண்டும். அட்டையில் அன்னாரின் படம், உள்ளே தேவாரமும் வாழ்க்கைக் குறிப்பும், பின்னட்டையில் நன்றி நவிலல். கணினி முன் இருக்கும் இளைஞர் பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, தோளில் விழுந்த முத்திரைத் தடத்தை அழித்து, பின்னால் நீல வானத்தை வைக்கிறார். அடுத்த கோப்பு பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ். அதற்கடுத்தது உப்புவெளி விடுதியொன்றின் உணவுப் பட்டியல், நாளை காலைக்குள் வேண்டுமாம்.

ஊரார் அவரை ‘டிசைன் செய்யிற தம்பி’ என்கிறார்கள். இப்படிப்பட்ட தம்பிமாரும் தங்கச்சிமாரும்தான் இந்தத் துறைமுக நகரின் வடிவமைப்பாளர்கள். இவர்களில் பலர் கடையிலேயே பார்த்துப் பழகியவர்கள். முறையாகக் கற்க விரும்பினால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இலங்கையில் அரச பல்கலைக்கழக மட்டத்தில் வடிவமைப்புக்கென்றே நான்காண்டுப் பட்டம் தருவதில் முதலில் நினைவுக்கு வருவது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அங்கே கட்டடக்கலைப் பீடத்தின் கீழ் இந்தப் படிப்பு நடக்கிறது. கற்பிக்கும் மொழி ஆங்கிலம். ஓவியம், சிற்பம் போன்ற கட்புலக் கலைகளைத் தமிழில் படிக்க யாழ்ப்பாணத்தில் முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்த பல்கலைக்கழகப் பீடமும், மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கை உண்டு, வணிகம் உண்டு, கணினி விஞ்ஞானம் உண்டு. வடிவமைப்புக்கு வேண்டிய மூன்று பக்கத் துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்க, நடுவில் இருக்க வேண்டியது மட்டும் இல்லை.

மொறட்டுவைக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சை என்ற தனித் தேர்வும் உண்டு. கண்ணால் பார்த்ததைக் கையால் வரையவும், ஒரு சிக்கலுக்குப் புதிதாகத் தீர்வு யோசிக்கவும் மாணவருக்கு வருமா என்று சோதிக்கும் தேர்வு அது. கடந்த கால வினாத்தாளை மனனம் செய்து இதற்குத் தயாராக முடியாது. கொழும்பில் இதற்கென்று வகுப்பெடுப்பவர்கள் இருக்கிறார்கள், மூத்த மாணவர்களின் வரைபுகளைப் புரட்டிப் பார்க்கவும் வாய்ப்பிருக்கிறது. மூதூரிலோ குச்சவெளியிலோ உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு அப்படியொரு பரீட்சை இருப்பதே பிந்தித்தான் தெரியவருகிறது. திறமைக் குறைவால் தவறும் வாய்ப்பு என்று இதைச் சொல்ல முடியாது. தகவலும் பயிற்சியும் எட்டாததால் தவறுவது இது.

இத்தனைக்கும், வேறெந்த மாவட்டத்துப் பிள்ளைக்கும் எளிதில் வாய்க்காத ஒரு பலம் திருகோணமலைப் பிள்ளைக்கு உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர். தமிழர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சிங்களவர்கள் கால் பங்குக்குச் சற்று மேல். கடைத்தெருவில் நடந்தாலே சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று எழுத்துகளும் ஒரே பலகையில் இடம் தேடி நெருக்குவதைப் பார்க்கலாம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் தமிழ் வரியில் எழுத்துப்பிழை மலிந்த அரச பலகைகள் இன்றும் தொங்குகின்றன. தமிழ் தெரியாத ஒருவர் கணினியில் வெட்டி ஒட்டும்போது கொம்பு ஒருபுறமும் எழுத்து மறுபுறமும் போய்விடுகிறது.

இந்தப் பிழை எப்படி நேர்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நம் அச்சகங்களில் நெடுங்காலம் கோலோச்சியது பாமினி எழுத்துரு. அதில் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துத்தான். பார்வைக்கு மட்டும் தமிழ். பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் முழுப் பக்கமும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யுனிகோடில் தமிழ் தமிழாகவே பதிவாகும். ஆனால் போட்டோஷொப், இலஸ்ட்ரேட்டர் போன்ற மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால், ‘தெ’ என்பதில் முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். இவ்வளவு சரியானாலும் வேலை முடியாது. சிங்கள எழுத்து வரிக்கு மேலும் கீழும் வளைந்து இடம் கேட்கும். தமிழ்ச் சொல் பக்கவாட்டில் நீளும். மூன்றுக்கும் ஒரே அளவைக் கொடுத்தால் ஒன்று பருத்தும் மற்றொன்று ஒடுங்கியும் தெரியும். மூன்றையும் வாசிக்கத் தெரிந்த கண்தான் இதைச் சீர்செய்யும்.

நல்ல எழுத்துருக்களுக்கும் இன்று பஞ்சமில்லை. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த ‘கட்டமரான்’ கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. கொழும்பின் மூனியாக் குழு, சுவர்களில் அச்சுத்தகடு வைத்து எழுதும் அறிவிப்பெழுத்துகளின் பாணியில் செய்த எழுத்துருவின் தமிழ் வடிவத்துக்கு யாழ்ப்பாணத்தின் பெயரையே சூட்டியிருக்கிறது. திருகோணமலையின் பெயரில் ஓர் எழுத்துரு வர வேண்டாமா?

எழுத்தைத் தாண்டியும் இந்த ஊரில் பாடம் கிடக்கிறது. வடிவமைப்பாளர்களான சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், சாதாரணச் செம்பு ஒன்றை எடுத்து அதன் எடை, பிடி, இடுப்பில் அது அமரும் விதம், நீர் ஊற்றும் வாய் என ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. திருகோணமலையில் அந்தச் செம்பின் இடத்தில் மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டியை வைக்கலாம். ஐஸ் உருகாமல், மூலை உடையாமல், துண்டு துண்டாகக் கடற்கரையில் ஒதுங்காமல் இருக்கும் பெட்டி எப்படி இருக்க வேண்டும்? ஒரு தவணை முழுக்கச் செய்யக்கூடிய பயிற்சி இது. கேட்டுத் தெளிய மீனவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

கலைச் சமூகம் ஒன்று திரள்வதற்குக் கட்டடமும் காரணமாகும் என்பதை இன்னொரு துறைமுகம் காட்டியது. கேரளத்தின் கொச்சியில் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் 2012 டிசம்பர் 12இல் கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியைத் தொடங்கினார்கள். அதன் முதன்மைக் களம், மிளகும் தேங்காயெண்ணெயும் வணிகம் செய்த அஸ்பின்வால் நிறுவனத்தின் பழைய கட்டடத் தொகுதி. 2014 முதல் கலைக்கல்லூரி மாணவர்களுக்கென்றே தனிக் கண்காட்சியும் சேர்ந்துகொண்டது. திருகோணமலையிலும் ஒல்லாந்தர் காலக் கட்டடம் ஒன்று திருத்தப்பட்டுக் கடல்சார் அருங்காட்சியகமாக இயங்குகிறது. பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுக்க இந்த ஊருக்கும் தெரியும் என்பதற்கு அதுவே சான்று.

போர் கண்ட ஊர்களில் வரைகலைக்கு இன்னொரு கடமையும் சேர்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலொன்றில், இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து கொடுத்த தள வரைபடங்கள் இருக்கின்றன. கூடவே அதே வீடு கட்டடக்கலை முறைப்படி வரையப்பட்டிருக்கிறது. போரும் 2004 ஆழிப்பேரலையும் வீடுகளைக் கொண்டுபோன மூதூர், கிண்ணியாக் கரைகளில் அப்படி வரையப்படாத வீடுகள் எத்தனையோ.

இதற்கெல்லாம் புதிய பீடம் ஒன்று எழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கோணேசபுரி வளாகத்தில் ஓர் அறை, வார இறுதியில் ஒரு பட்டறை, மொறட்டுவையிலும் கல்லடியிலும் படித்துவிட்டு விடுமுறைக்கு வரும் மூத்த மாணவர் இரண்டு பேர், எழுத்துருச் சிக்கலைத் தினமும் கையாளும் அச்சகத் தம்பி ஒருவர்: முதல் ஆண்டுக்கு இது போதும். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு தொடங்கினால், உளச்சார்புப் பரீட்சைக்கான அறிவித்தல் வருவதற்குள் ஒரு வரைபுப் புத்தகத்தை நிரப்பிவிடலாம்.