உங்களுக்குத் தெரியுமா? ஒரே கட்டடம், இரண்டு வகைக் குளிர்ச்சி!

ஹைதராபாத் அருகே போச்சாரத்தில் உள்ள இன்ஃபோசிஸ் வளாகத்தில், ஓர் அலுவலகக் கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, இரண்டு பாதிக்கும் வெவ்வேறு குளிரூட்டும் முறைகளை அமைத்தார்கள். 2011-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

• ஒரு பாதியில் வழக்கமான சென்ட்ரல் ஏசி. பெரிய விசிறிகள் குளிர்ந்த காற்றை அறைகளுக்குள் தள்ளும்.

• மறுபாதியில் கூரையின் கான்கிரீட்டுக்குள்ளேயே குழாய்களைப் பதித்து, குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். ஆட்களும் கணினிகளும் வெளிவிடும் வெப்பத்தைக் கூரையே இழுத்துக்கொள்கிறது. சுவாசிக்கத் தேவையான, ஈரப்பதம் நீக்கிய வெளிக்காற்று மட்டும் தனியே வருகிறது.

• ஏன் நீர்? அதே கனஅளவுள்ள காற்றைவிட நீர் 3,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைச் சுமக்கும். அதனால் அதை ஓட்டச் சிறிய பம்பு போதும்.

இரண்டு ஆண்டுகள் அளந்து பார்த்ததில், குழாய் பதித்த பாதியில் குளிரூட்ட 34 சதவீதம் குறைவான மின்சாரமே செலவானது. அமைக்கும் செலவும் கூடவில்லை.

புதிதாக அலுவலகம் கட்டுகிறீர்களா? கான்கிரீட் போடுவதற்கு முன்பே பொறியாளரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். கூரை இறுகிய பிறகு அதற்குள் குழாய் பதிக்க முடியாது.