திறந்த கண் மருந்து எத்தனை நாளைக்கு?

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் ஆலத்தூர் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டையைப் பார்த்திருப்பீர்கள். 2023 பிப்ரவரியில் அந்தப் பேட்டை அமெரிக்கச் செய்திகளில் அடிபட்டது. அங்குள்ள குளோபல் பார்மா ஹெல்த்கேர் தயாரித்து, அமெரிக்காவில் எஸ்ரிகேர் முதலிய பெயர்களில் விற்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து திரும்பப் பெறப்பட்டது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, 18 மாநிலங்களில் 81 பேருக்கு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா தொற்றியிருந்தது. அதுவும் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ரகம். 14 பேருக்குப் பார்வை போனது. 4 பேர் இறந்தார்கள்.

தமிழ்நாடு மருந்து கட்டுப்பாட்டுத் துறை, தான் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்றது. நோயாளிகள் திறந்து பயன்படுத்திய பாட்டில்களிலோ அந்தக் கிருமி இருந்ததாக அமெரிக்கத் தரப்பு சொன்னது. அவர்கள் சுமத்திய குறைகளில் இரண்டு நம் கவனத்துக்குரியவை: கிருமிச் சோதனை சரியாக நடக்கவில்லை, பலமுறை திறந்து மூடும் பாட்டிலில் போதிய கிருமித்தடுப்பான் சேர்க்கவில்லை.

தடுப்பான் எதற்கு? மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விரலிலிருந்தோ இமையிலிருந்தோ கிருமி உள்ளே போக வழி இருக்கிறது. அதைக் கொல்லத்தான் மிகச் சிறிய அளவில் பென்சால்கோனியம் குளோரைடு போன்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். (தரை துடைக்கும் சில கிருமிநாசினிகளிலும் இதுதான் இருக்கிறது. வேறுபாடு அளவில்.) கூடினால் கண் எரியும், குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும்.

அந்த அளவு போதுமா என்று பார்க்கும் சோதனையில், வேண்டுமென்றே மருந்துக்குள் கிருமியை விடுகிறார்கள். ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை. அதில் சூடோமோனாஸும் கட்டாயம் உண்டு. பிறகு 7, 14, 28ஆம் நாட்களில் மாதிரி எடுத்து எண்ணுகிறார்கள். அமெரிக்க விதிப்படி, கண் மருந்தில் பாக்டீரியா 7 நாளில் பத்தில் ஒரு பங்காகவும், 14 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைய வேண்டும். அதன்பின் 28ஆம் நாள் வரை ஏறக் கூடாது. எண்ணுவதற்கு முன் தடுப்பானின் வேகத்தை முறித்துவிடுவார்கள். இல்லையென்றால் வளர முடியாமல் அடங்கிக் கிடக்கும் கிருமியையும் செத்ததாகக் கணக்கிட நேரும். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மோசமான மருந்தும் தேறிவிடும்.

கவனியுங்கள், தேறிய மருந்திலும் கிருமி நுழைந்த நொடியில் சாவதில்லை, நாட்கள் ஆகின்றன. காலையில் அத்தாவின் கண்ணில் பட்ட சொட்டு முனை மாலையில் பிள்ளையின் கண்ணில் படும்போது தடுப்பான் தன் வேலையை முடித்திருக்காது. எனவே ஒரு பாட்டில் ஒருவருக்கு மட்டும். முனை இமையில் படக் கூடாது. திறந்த தேதியை பாட்டில் மேலேயே எழுதிவையுங்கள். பெரும்பாலான கண் மருந்துகளுக்குத் திறந்தபின் ஒரு மாதம்தான் கெடு. தடுப்பான் இல்லாத ஒருவேளைக் குப்பி என்றால் மிச்சத்தை எடுத்து வைக்க வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சுர்மா குச்சி சுற்றி வருகிறதே, அதில் தடுப்பான் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்று. டெட்டாலைத் தண்ணீரில் கலந்து நாள் கணக்கில் வைத்துக்கொள்ளும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதிலுள்ள குளோராக்சிலினால் சூடோமோனாஸ் விஷயத்தில் பலவீனமானது. நீர்த்துப்போன கிருமிநாசினியிலேயே அது வாழ்ந்ததை மருத்துவமனைகள் கண்டிருக்கின்றன. தேவைக்குக் கலந்து, மிச்சத்தை அன்றே கொட்டிவிடுங்கள்.