தோல் மஞ்சளானால் பழமாகிவிடுமா?

ஏரல், ஆத்தூர், குரும்பூர் பக்கம் வாழை போட்டவர்களுக்கு இந்தப் பேச்சு புதுசில்லை. வியாபாரி தோட்டத்துக்கு வருவார், தாரைப் பார்ப்பார். “இப்பவே வெட்டிருவோம் அண்ணாச்சி, ரெண்டே நாள்ல மஞ்சளாக்கிரலாம்” என்பார். பண்டிகை நெருங்கினால் அவசரம் இன்னும் கூடும். தோல் மஞ்சளாவது நிஜம்தான். ஆனால் மஞ்சளாவதும் பழுப்பதும் ஒன்றா?

காய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். வாழையின் மரபணுத் தொகுப்பை 2012-இல் வெளியிட்டார்கள். 36,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. எல்லாமே எப்போதும் வேலை செய்வதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகாலிலும் தென்காலிலும் தாமிரபரணித் தண்ணீர் போகுது. எந்த மடையை எப்போ திறக்கிறோமோ, அந்த வயல்தான் நனையும். மரபணுவும் அப்படித்தான். காய் வளரும்போது மாவு சேர்க்கும் மடைகள் திறந்திருக்கும், பழுக்க வைக்கும் மடைகள் மூடிக் கிடக்கும்.

காய் முற்றியதும் எத்திலீன் வாயுவைத் தயாரிக்கும் மரபணுக்கள் விழிக்கின்றன. வந்த வாயு அதே மரபணுக்களை மேலும் தூண்டும். ஒரு சீப்பு பழுத்தால் பக்கத்துச் சீப்பும் பழுப்பது இதனால்தான். அடுத்து மாவைச் சர்க்கரையாக்குவது, சதையை இளக்குவது, மணம் சேர்ப்பது, தோலின் பச்சையத்தைச் சிதைப்பது என ஒவ்வொரு மடையாகத் திறக்கும். பச்சைக்காய்ச் சதையில் சுமார் 20 சதவீதம் இருந்த மாவு, நன்றாகப் பழுத்ததும் 1, 2 சதவீதமாகிவிடும்.

வெயிலுக்கும் தண்ணீருக்கும் இதில் என்ன வேலை?

முற்றும் காலத்தை வெப்பம் மாற்றும். மேற்கிந்தியத் தீவுகளில் ஏற்றுமதிக்கான கேவண்டிஷ் வாழைக்கு வெப்பக் கணக்கு பார்க்கிறார்கள். நாளின் சராசரி வெப்பத்தில் 14 டிகிரியைக் கழித்து, மீதியைத் தினமும் கூட்டுவார்கள். சுமார் 900 வந்தால் வெட்டு. சராசரி 29 டிகிரி என்றால் 60 நாள், 24 என்றால் 90 நாள். நம்ம ரகங்களுக்கு இந்த 900 அப்படியே பொருந்தாது. ஆனால் சித்திரைத் தாருக்கும் மார்கழித் தாருக்கும் ஒரே நாள் கணக்கு சரிவராது என்பது பொருந்தும்.

நிறத்தையும் வெப்பம் மாற்றும். கேவண்டிஷ் காயை 24 டிகிரிக்கு மேல் பழுக்க வைத்தால் சதை இனிக்கும், தோல் பச்சையாகவே நிற்கும். பச்சையத்தைச் சிதைக்கும் மரபணுக்கள் அந்தச் சூட்டில் சரிவர வேலை செய்வதில்லை. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கருத்துக் காய் கெடும். துறைமுகத்தில் கப்பலேற்றும் வாழைக்காய்ப் பெட்டகத்தை 13, 14 டிகிரியில் வைப்பது, காய் பழுக்காமலும் கெடாமலும் இருக்கத்தான்.

மண்ணில் ஈரம் குறைந்தாலும், தழைச்சத்து அளவு மீறினாலும், காய் முன்கூட்டியே பழுக்கத் தலைப்படும். யூரியாவை அள்ளிப் போடாமல் மூடாக்கு போட்டு ஈரம் காக்கிறவருக்கு இது நல்ல சேதி.

இப்போ கார்பைடு கல்லுக்கு வருவோம். அதில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். அது எத்திலீன் மாதிரி வேஷம் போட்டு மடையைத் திறக்கும். தோல் மஞ்சளாகிவிடும். ஆனால் முற்றாத காயில் மாவே முழுசாகச் சேரவில்லை, சர்க்கரை எங்கிருந்து வரும்? போதாததற்கு, கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் நச்சுக் கலப்பும் உண்டு. 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதிகள் இதைத் தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயுவை மட்டும் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை அனுமதிக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது இதுதான். குலை தள்ளிய வாரத்தை ஒவ்வொரு மரத்திலும் துணி கட்டி அடையாளம் வையுங்கள். நாளோடு, காயின் விளிம்பு மழுங்கி உருண்டிருக்கிறதா என்றும் பார்த்து வெட்டுங்கள். வீட்டிலோ கூட்டாகவோ பழுக்க வைத்தால், வைக்கோல் பரப்பிய அறையில் சீப்புகளை அடுக்கி, நன்றாகப் பழுத்த பழம் சிலதை நடுவில் வையுங்கள். அவற்றின் எத்திலீனே போதும். இடையில் கதவைத் திறந்து காற்று விடுங்கள்.

அடுத்த தடவை வியாபாரி அவசரப்படுத்தினால், அடையாளத் துணியைக் காட்டி, “இன்னும் பத்து நாள் கழிச்சு வாங்க” என்று சொல்லலாம். அந்தப் பத்து நாளில் காயில் ஏறும் மாவுதான் தாரின் எடை, பழத்தின் ருசி.