குமட்டலுக்கு அஞ்சி மாத்திரையை நிறுத்த வேண்டாம்

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்திற்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் நோயாளிகள் எங்களிடம் அடிக்கடி கூறும் குறை குமட்டல்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களிலிருந்து வரும் குடும்பங்களில் சிலர், "மாத்திரை போட்டாலே வயிற்றைப் புரட்டுகிறது" என்று தாமாகவே மருந்தை நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் மருந்துக்கடையில் கேட்டு ஏதேனும் ஒரு வாந்தி மாத்திரையை வாங்கிக் கொடுக்கின்றனர். இரண்டுமே ஆபத்தானவை. இந்தக் குமட்டலைப் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிட முடியும்.

குமட்டல் ஏன் வருகிறது?

மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் குறைவதால் நடுக்கமும் விறைப்பும் மந்தமும் தோன்றுகின்றன. டோபமினை நேரடியாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. எனவே, மூளைக்குள் சென்று டோபமினாக மாறும் லெவோடோபாவைக் கொடுக்கிறோம். ஆனால் அதில் ஒரு பகுதி வழியிலேயே, மூளைக்கு வெளியில், டோபமினாக மாறிவிடுகிறது. வாந்தியைத் தூண்டும் மையம் மூளையின் பாதுகாப்புத் தடுப்புக்கு வெளியே அமைந்திருப்பதால், இரத்தத்தில் உலவும் அந்த டோபமின் அதனை எளிதில் எட்டிவிடுகிறது.

இந்த மாற்றத்தைத் தடுக்கவே லெவோடோபாவுடன் கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு 70 முதல் 100 மி.கி. வரை கார்பிடோபா தேவைப்படும். 10 மி.கி. கார்பிடோபாவும் 100 மி.கி. லெவோடோபாவும் கொண்ட மாத்திரையை மூன்று வேளை உட்கொண்டால் கிடைப்பது 30 மி.கி. கார்பிடோபா மட்டுமே. 25 மி.கி. கார்பிடோபாவும் அதே 100 மி.கி. லெவோடோபாவும் கொண்ட மாத்திரையில் அது 75 மி.கி. ஆகிறது. சிலருக்கு இந்த மாற்றம் ஒன்றே போதுமானதாக இருக்கும். ஆகவே, ஆலோசனைக்கு வரும்போது மாத்திரை அட்டையைத் தவறாமல் கொண்டுவாருங்கள்.

மருந்தின் அளவைப் படிப்படியாக உயர்த்தினால் உடல் பழகிக்கொள்ளும். பலருக்குச் சில வாரங்களில் குமட்டல் தணிந்துவிடுகிறது.

பூனைக்காலிப் பொடி

1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசுவாமி ஆகியோர் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். அந்த விதையில் மருந்துப்பொருள் இருப்பது உண்மையே. ஆனால் பொடியில் கார்பிடோபா இல்லை. லெவோடோபாவின் அளவும் பொடிக்குப் பொடி வேறுபடும். மாத்திரையுடன் இதனையும் உட்கொண்டால் குமட்டல் கூடலாம். கட்டுக்கடங்காத உடலசைவுகளும் தோன்றலாம். உட்கொண்டு வருபவர்கள் எங்களிடம் தயங்காமல் கூறுங்கள்; நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.

உணவும் நேரமும்

• புரதம், லெவோடோபா உடலில் சேர்வதற்குப் போட்டியாக நிற்கும். எனவே உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ மாத்திரையை உட்கொள்வது நல்லது.
• வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு ரஸ்க், ஒரு வாழைப்பழம், சிறிது பொரி அல்லது அரிசிக் கஞ்சியுடன் உட்கொள்ளலாம். பால், முட்டை, பருப்பு, சத்துமாவுக் கஞ்சி ஆகியவற்றுடன் வேண்டாம்.
• இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.
• ஒரே நேரத்தில் வயிறு நிறைய உண்ணாமல், சிறுகச் சிறுகப் பலமுறை உண்ணுங்கள். மலச்சிக்கலும் குமட்டலைக் கூட்டும். அதனையும் எங்களிடம் சொல்லுங்கள்.
• இளஞ்சூடான இஞ்சி நீர் சிலருக்கு ஆறுதல் தரும்.

வாந்தி மாத்திரையில் எச்சரிக்கை

வாந்திக்கு வழக்கமாகத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகியவை மூளைக்குள் சென்று டோபமினின் செயலைத் தடுப்பவை. இவற்றால் நடையும் பேச்சும் மேலும் மோசமாகலாம். வயிற்று எரிச்சலுக்கான சில கூட்டு மருந்துகளில் சேர்க்கப்படும் லெவோசல்பிரைடும், தலைச்சுற்றலுக்கான சின்னரிசினும் அவ்வாறே. வேறொரு மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ மருந்து பெறும்போது, "இவருக்குப் பார்க்கின்சன் நோய் உள்ளது" என்பதை முதலில் சொல்லுங்கள்.

டோம்பெரிடோன் மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்வதால் நாங்கள் அதனைத் தேர்ந்தெடுப்பதுண்டு. எனினும் அது இதயத் துடிப்பின் சீரைப் பாதிக்கக்கூடும். ஆகவே இதய நோயுள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஈ.சி.ஜி. பார்த்த பின்னரே, குறைந்த அளவில், குறுகிய காலத்திற்குப் பரிந்துரைக்கிறோம். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளுடன் அதனைச் சேர்த்து உட்கொள்ளக் கூடாது.

எப்போது உடனே வர வேண்டும்?

மாத்திரை வயிற்றில் தங்காத அளவுக்கு வாந்தி எடுத்தாலும், எழுந்து நிற்கையில் மயக்கம் வந்தாலும், வாந்தியில் இரத்தம் தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். பல வேளை மருந்து தவறிய பின் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

மற்ற நேரங்களில், மாத்திரை உட்கொண்ட நேரம், உண்ட உணவு, குமட்டல் தொடங்கிய நேரம் ஆகியவற்றை ஒரு வாரத்திற்கு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எந்த வேளை மருந்தை எவ்வாறு மாற்றுவது என்று முடிவு செய்ய அந்தக் குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும். அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.